உள்ளிக்கு ஒரு பனிக்காலம்

போன கார்த்திகை கடைசியில், மழை விட்ட ஒரு காலையில், குசினிப் பலகையில் வைத்து ஒரு உள்ளிப் பல்லை நெடுக்காக வெட்டினேன். நடுவில் வெளிர்பச்சையாக ஒரு குருத்து. அடித்தட்டிலிருந்து கிளம்பி, பல்லின் முக்கால் உயரத்துக்கு ஏறி நின்றது. எட்டுக் கிழமைக்கு முன்னர் அதே உள்ளியில் வேறொரு பல்லை வெட்டிப் பார்த்திருந்தேன். அப்போது அந்தக் குருத்து நெல்மணி அளவில் அடியில் ஒடுங்கிக் கிடந்தது. இடையில் நடந்தது ஒன்றுதான்: உள்ளியெல்லாம் பழைய பேப்பரில் சுற்றி, பிறிட்ஜின் மரக்கறித் தட்டில் கிடந்தன. உறக்கம் கலைந்துவிட்டது என்று அந்தப் பச்சைக் கோடு சொல்லிற்று. வெட்டிய பல் மத்தியானச் சொதிக்குப் போனது. மிச்சம் நாற்பதையும் பின்னேரம் நட்டேன்.

இந்த ஒரு கோட்டைப் பார்க்கப் பழகுவதற்குள் எனக்கு இரண்டு மாரி வீணாகியிருந்தது.

உள்ளி என்று நான் எழுதுவது தமிழ்நாட்டார் பூண்டு என்கிறார்களே, அதைத்தான். எங்களூரில் பூண்டு என்றால் புல்லும் பூண்டும், பிடுங்கி எறிகிற சாதி. மலையாளத்தாருக்கோ உள்ளி என்றால் வெங்காயம்; நாங்கள் உள்ளி என்பதை அவர்கள் வெளுத்துள்ளி என்பார்கள். எனக்கு இந்தச் சொல் அம்மாவின் கைமணத்தோடு ஒட்டிக்கொண்டது, மாற்ற முடியாது.

நான் இருப்பது வேலணையில். வரைபடத்தில் லைடன் தீவு என்று ஒல்லாந்தர் வைத்த பெயர் இன்னும் கிடக்கிறது. ஊர்காவற்றுறையும் கரம்பொன்னும் இதே தீவின் மற்றப் பக்கம். பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்தோடு நாங்கள் ஒட்டிக்கொண்டவர்கள். அதனால் நயினாதீவாரும் நெடுந்தீவாரும் எங்களைத் தீவார் கணக்கில் அரைவாசியாகத்தான் சேர்ப்பார்கள். ஆனால் மண்ணும் தண்ணீரும் எல்லாருக்கும் ஒன்றுதான். மேலே கொஞ்சம் மணல், கீழே சுண்ணக்கல், அதற்குக் கீழே கடல்.

சாடியில் ஏன் நடவேண்டும், வளவு இவ்வளவு பெரிதாகக் கிடக்கிறதே என்று வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் கேட்பார்கள். சாடியில் நடுவது இடம் இல்லாததால் அல்ல, உப்பால். மழைத்தண்ணீர் சுண்ணக்கல்லின் துவாரங்களால் இறங்கிக் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. நன்னீருக்குப் பாரம் குறைவு. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் எங்கள் கதை வரும். மேலே ஓரடியை மோட்டர் போட்டு இறைத்துவிட்டால் கீழே நாற்பதடி போய்விடும், உவர் ஏறும். எங்கள் கிணறு மாசி மட்டும் நல்ல தண்ணீர். பங்குனியில் நாக்கில் கரிக்கத் தொடங்கும். ஆடியில் அதில் குளித்தால் சவர்க்காரம் நுரைக்காது. தென்னைக்கும் பனைக்கும் அது பொருட்டில்லை. வெங்காயச் சாதிக்கு உப்பு ஆகாது. நிலத்தில் நட்டால் நிலத்துக்கு வருகிறதெல்லாம் அதற்கும் வரும். சாடி என்றால் அதன் மண்ணும் தண்ணீரும் என் பொறுப்பு.

இந்தப் பாடத்தை முதலில் படிப்பித்தது நெடுந்தீவு. 1984இல் ஆசிரிய நியமனம் அங்கே கிடைத்தது. குறிகட்டுவானிலிருந்து குமுதினிப் படகில் போய்வந்தேன். (அடுத்த வருடம் மே 15ஆம் திகதி அதே படகில் நடந்த படுகொலையைப் பற்றி உள்ளிக் கட்டுரையில் எழுத எனக்கு மனமில்லை.) நான் தங்கியிருந்த வீட்டு ஆச்சி முற்றத்தில், கல்வேலியின் நிழல் விழுகிற பக்கமாக, உடைந்த பானைகளை வரிசையாக வைத்து வெங்காயம் நட்டிருப்பா. நெடுந்தீவின் வேலியெல்லாம் கடற்கல் அடுக்கிய வேலி. சோழகக் காற்று வீசுகிற மாதங்களில் அந்த வேலியின் மறைவில் ஒரு முழம் இடத்துக்கு மட்டும் காற்று இல்லை. பானைகள் அந்த ஒரு முழத்தில் நிற்கும். நல்ல தண்ணீர் சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து வரவேண்டும். ஆச்சி அரிசி கழுவிய தண்ணீரைப் பானைக்கு ஊற்றுவா, முகம் கழுவிய தண்ணீரைத் தென்னைக்கு. ஒரு நாள் நான் கிணற்றடித் தண்ணீரை உதவியாக ஒரு செம்பு ஊற்றிவிட்டேன். "பிள்ளை, உது கடலெணை," என்று சொல்லி, அந்தப் பானை மண்ணை அப்படியே கவிழ்த்துக் கொட்டிப் புதுமண் போட்டா. கோபப்படவில்லை. நாலு வெங்காயம் போனது.

உள்ளியை நட்டுப் பார்க்கவேண்டும் என்ற எண்ணத்துக்கு வேறொரு காரணம் உண்டு. 1990இல் போரால் தீவகத்தை விட்டு யாழ்ப்பாணப் பக்கம் ஓடினோம். 1992இல் மகள் பிறந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு எங்களூரில் சரக்குக் கறி வேண்டும்: மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் அரைத்து, அதில் உள்ளியை முழுசு முழுசாகப் போட்டுக் கொதிக்க வைப்பது. பால் ஊறும், வாய்வு போகும் என்பார்கள். பாதை மூடிக்கிடந்தது. சாமான் கொம்படியால், ஊரியானால், பிறகு கிளாலிக் கடலால் வந்தது. வந்த சாமானில் உள்ளி எப்போதும் கடைசி. அம்மா எங்கேயோ அலைந்து ஒரு கைப்பிடி கொண்டுவந்தா. எண்ணினால் பன்னிரண்டு பல். அவற்றை ஒரு வெற்றிலைத் தட்டில் பரப்பி, நாளுக்கு ஒன்று என்று கணக்கு வைத்து, பன்னிரண்டு நாளும் எனக்குப் போட்டா. ஐந்தாம் நாள் ஒரு பல் முளைவிட்டிருந்தது. அதை நட்டுப் பார்ப்போமா என்று நான் கேட்டேன். அம்மா ஒரு பார்வை பார்த்தா, அவ்வளவுதான். அந்தப் பல்லும் கறிக்குள் போனது.

பிறகு பல வருடம் கழித்து வேலணைக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு இருந்தது. வெங்காயம், மிளகாய், வல்லாரை என்று சாடிகள் பெருகின. உள்ளி மட்டும் நினைவில் இருந்ததே தவிரக் கைக்கு வரவில்லை. கடையில் கிடைக்கிறபோது யார் நடுவது? இலங்கையில் நாங்கள் தின்கிற உள்ளியில் மிகப் பெரும்பகுதி கப்பலில் வருவது, அதிலும் கூடுதலாகச் சீனாவிலிருந்து. வெலிமடை, நுவரெலியா பக்கம் கொஞ்சம் விளைகிறது. யாழ்ப்பாணத்தார் 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெங்காயத்திலும் மிளகாயிலும் உருளைக்கிழங்கிலும் வீடு கட்டினார்கள், மகளுக்குச் சீதனம் கொடுத்தார்கள். உள்ளியில் யாரும் வீடு கட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

2022இல் ஓய்வு பெற்றேன். டொலர் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. அதற்கு முந்தின வருடம் மே மாதம் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து, நவம்பரில் தளர்ந்து, விவசாயிகள் நடுவில் தத்தளித்தார்கள். வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தது 2022 ஜூனில். எனக்கு எல்லா நாளும் லீவு. கடைக்காரர் உள்ளியின் விலையைச் சொன்ன அன்று நூறு கிராம்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு பல் முளைவிட்டிருந்தது. முப்பது வருடத்துக்கு முந்தின அந்தப் பல் நினைவுக்கு வந்தது. இந்த முறை அனுமதி கேட்க யாரும் இல்லை.

முதல் மாரி மண்ணாய்ப் போனது. ஐப்பசியில் நட்டேன். வாடைக்காற்றோடு வந்த பெருமழையில் சாடியெல்லாம் குளம். இரண்டு கிழமையில் பல்லெல்லாம் கஞ்சி. அடுத்த மாரி மழை குறையும்வரை பொறுத்து மார்கழியில் நட்டேன். முளைத்தது, அழகாகத் தாள் விட்டது, பங்குனியில் பிடுங்கினால் கீழே ஒன்றுமில்லை. வெங்காயத்தாளின் அடிபோல ஒரு வெள்ளைத் தடிப்பு. சிலதில் கோலிக்குண்டு அளவில் ஒரு உருண்டை, பல் பிரியாமல். விவசாயப் போதனாசிரியர் ஒருவர் எங்கள் ஒழுங்கையால் போனவர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இது உங்கட இடத்துப் பயிர் இல்லை ரீச்சர்," என்றார். பிழையாகச் சொல்லவில்லை.

தங்கச்சி ஸ்காபரோவில் இருக்கிறாள். வீட்டுப் பின்வளவில் அவள் உள்ளி நடுவது ஒக்ரோபரில். பிறகு பனி மூடும். நாலு மாதம் அவள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பனி கரைய முளை வரும், ஜூலையில் கை நிறைய உள்ளி. ஒன்ராறியோவில் 'மியூசிக்' என்று ஒரு இனம் உண்டாம், பல் ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிப்பு. அவள் வீடியோவில் காட்டினாள். நான் என் கோலிக்குண்டைக் காட்டினேன். "அக்கா, உங்கட உள்ளி குளிரே காணாமல் வளர்ந்திருக்கு," என்றாள் சிரித்துக்கொண்டு.

பகிடியாகச் சொன்னாளோ தெரிந்து சொன்னாளோ, விசயம் அதுதான். உள்ளியின் பிறந்தகம் மத்திய ஆசியாவின் மலையடிவாரம். அங்கே பனிக்காலம் வந்து போனால்தான் பயிருக்கு வருடம் திரும்பியது தெரியும். குளிரைக் கண்ட பல், நாள் நீளுகிறபோது, இலை விடுவதை நிறுத்திவிட்டுக் கீழே பல் பிரிக்கத் தொடங்கும். குளிரைக் காணாவிட்டால் அதற்கு எப்போதும் புரட்டாசி. இலை விட்டுக்கொண்டே இருக்கும், அல்லது பிரியாத ஒற்றைப்பல்லாக உருண்டு ஓய்ந்துவிடும். பகல் நீளமும் எங்களுக்கு உதவாது. ரொறன்ரோவில் ஜூன் மாதம் பகல் பதினைந்தரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியாலமும் சில நிமிடமும்தான் வித்தியாசம்.

அப்படியென்றால் கைவிடவேண்டியதுதான் என்று நினைத்திருப்பேன், கொடைக்கானல் நினைவுக்கு வராவிட்டால். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு அங்கத்தையது. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளைகிறது. பள்ளிக்கூடத்து அற்லஸை எடுத்துப் பார்த்தேன். கொடைக்கானல் பத்துப் பாகைக்குச் சற்று வடக்கே, நாங்கள் பத்துக்குச் சற்றுத் தெற்கே. அரைப் பாகை வித்தியாசம். அங்கேயும் எங்களுடைய பகல்தான், எங்களுடைய சூரியன்தான். அவர்களிடம் இருப்பதும் எங்களிடம் இல்லாததும் ஏழாயிரம் அடி உயரமும் அந்த உயரத்தின் குளிரும். பகலின் குறையைக் குளிர் ஓரளவு ஈடுகட்டும் என்பதற்கு அந்த மலையே சாட்சி. பகலை நீட்ட என்னால் முடியாது. குளிரை மட்டும் ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறேனே.

தங்கச்சி தன்னுடைய உள்ளியில் நாலைச் சூட்கேசில் போட்டு அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். விதையாக நடுகிற எதையும் அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. உள்ளிப் பல்லோடு வரக்கூடிய வெள்ளழுகல் நோய் மண்ணில் ஒருமுறை இறங்கினால் இருபது வருடமும் கிடக்கும். வலிகாமத்தின் வெங்காயத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்த வேலை செய்யக் கூடாது.

ஆகவே கடை உள்ளிதான். கடை உள்ளியிலும் தெரிவு உண்டு. சீனத்து உள்ளி வெள்ளைவெளேரென்று இருக்கும். வேரை அடியோடு மழித்து, சிலவேளை முளைக்காமல் இருக்க ஏதாவது செய்து அனுப்பியிருப்பார்கள். அடித்தட்டை நகத்தால் தடவிப் பார்ப்பேன். சிறு சிறு புள்ளியாக வேர் எழும்பப் பார்த்தால் எடுப்பேன். மொட்டையாக, மரத்தூள்போல உலர்ந்திருந்தால் அது கறிக்கு. ஒரே சாக்கில் கடைக்காரர் காலடியில் குந்தியிருந்து அரை மணித்தியாலம் பொறுக்குவேன். அவர் என்னிடம் படித்தவர், பாவம், ஒன்றும் சொல்லமாட்டார்.

புரட்டாசி கடைசியில் பல்லைப் பிரிக்காமல், முழு உள்ளியாகவே, பேப்பரில் சுற்றி மரக்கறித் தட்டில் வைக்கவேண்டும். பிளாஸ்ரிக் பையில் வைத்தால் வேர்த்து அழுகும். ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை. தட்டில் நாலு பாகைக்கும் பத்துப் பாகைக்கும் இடையில் குளிர் இருந்தால் போதும். மேலே ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் செத்துப்போகும். வேலணைக்கு யாழ்ப்பாணத்துக் கம்பியால் மின்சாரம் வருவது என் அதிர்ஷ்டம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் டீசல் இயந்திரம்தான். காற்றாலும் வெயிலாலும் அங்கே மின்சாரம் எடுக்கிற திட்டம் 2021இல் ஒரு சீனக் கம்பனிக்குப் போய், பிறகு இந்தியாவின் உதவித்திட்டமாக மாறி, 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. சீன உள்ளிக்கு இந்தியக் குளிர் கிடைக்கப்போகிறது என்று நயினாதீவில் ஒரு சிநேகிதிக்குச் சொன்னேன். அவவுக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் கரண்ட் நிற்காமல் வரட்டும் என்றா.

பாத்திரம் என்று பார்த்தால் மண்சாடிதான் பார்க்க வடிவு. ஆனால் தை கடைசியில் வெயில் ஏறத் தொடங்க அதன் பக்கச்சுவர் சுட்டு, வேர் அவிந்துபோகும். என் கண்டுபிடிப்பு மீன்பெட்டி. கடற்கரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் உடைந்த றெஜிபோம் பெட்டிகளை எறிகிறவர். ஐந்தைக் கேட்டு வாங்கினேன். "ரீச்சர், உந்தப் பெட்டியில ஐஸ் போட்டால் ரெண்டு நாளைக்கு உருகாது. நீங்கள் உள்ளியை வைச்சு என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டார். ஐஸ் உருகாத பெட்டியில் மண்ணும் சுடாது, அதுதான் என்றேன். ஆளுக்கு விளங்கிவிட்டது, அடுத்த நாள் இன்னும் இரண்டைப் படலையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்று கவனிக்கவேண்டும்: அந்தப் பெட்டி உப்பில் ஊறியது. நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவி, ஒரு மழைக்கு வெளியே போட்டுவிட்டுத்தான் மண் நிரப்பவேண்டும். ஒரு பெட்டியை அவசரத்தில் அரைகுறையாகக் கழுவி நட்டேன். அதில் மட்டும் தாள் நுனியெல்லாம் தீய்ந்தமாதிரி மஞ்சளித்தது. நெடுந்தீவு ஆச்சி இருந்திருந்தால் கவிழ்த்துக் கொட்டியிருப்பா.

அடியில் ஆணியால் எட்டுத் துளை. அதற்கு மேலே இரண்டங்குலத்துக்கு ஊமற்கரி. பனங்கொட்டையில் பூரான் எடுத்த பிறகும், கிழங்கு பிடுங்கிய பிறகும் மிஞ்சுகிற ஊமலுக்கு எங்கள் வீடுகளில் பஞ்சமில்லை. சுட்டுக் கரியாக்கினால் துவாரம் துவாரமாகத் தண்ணீரை வடியவும் விடும், ஈரத்தைப் பிடித்தும் வைக்கும். மண்ணுக்கு வலிகாமத்துச் செம்மண் இரண்டு பங்கு, எங்கள் வளவு மணல் ஒரு பங்கு, ஒரு வருடம் உக்கிய மாட்டெரு ஒரு பங்கு, கொஞ்சம் தும்புத்தூள். செம்மண் லொறியில் வருவது, விலை கொடுத்துத்தான் வாங்கவேண்டும். பச்சை எருவை மட்டும் போட்டுவிடாதீர்கள். முதல் மாரி பல் கஞ்சியானதில் மழைக்குப் பாதி, என் பச்சை எருவுக்குப் பாதி.

நடுகிறபோது பல்லை மண்ணுக்குள் அழுத்திக் குத்தக் கூடாது. அடித்தட்டு நசியும், வேர் வரவேண்டிய இடம் அது. ஆட்காட்டி விரலை முதல் கணு மட்டும் விட்டுத் துளை போட்டு, தோலை உரிக்காமல், கூர் மேலே பார்க்க, பல்லை உள்ளே நிறுத்தி, மண்ணை இரண்டு விரலால் கிள்ளி மூடுவேன். பல்லுக்குப் பல் நாலங்குலம். கூர் கீழே போனாலும் முளைக்கும், ஆனால் குருத்து வளைந்து சுற்றி மேலே வருவதற்குள் பல்லின் பலம் பாதி முடிந்துவிடும். பெரிய பல்லாக, வெளிச்சுற்றுப் பல்லாகப் பார்த்து நடவேண்டும். நடுவில் கிடக்கிற மெல்லிய பல் சட்டிக்கு.

மேலே மூடச் சாதாழை. கடலிலிருந்து கரையில் வந்து குவிகிறதை ஒரு சாக்கு அள்ளிவந்து, ஐப்பசி தொடங்கி இரண்டு மாதம் மழையில் நனையப் போட்டால் உப்பெல்லாம் கழிந்துவிடும். முந்தின தலைமுறை தென்னைக்கும் புகையிலைக்கும் இதைத்தான் தாட்டது. காய்ந்த சாதாழையை உள்ளியின் காலைச் சுற்றிப் பரப்பினால் ஈரம் நிற்கும், களை வராது. அடுத்த வளவுக் கோழிக்கு அதைக் கிளறுவதில் பெரிய விருப்பம். பழைய மீன்வலையை மேலால் போட்டேன். கோழி வந்து வலைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகும்.

தண்ணீர் மழைத்தண்ணீர் மட்டும். கூரையில் விழுகிறது ஆயிரம் லீற்றர் தாங்கிக்குப் போகிறது; அதில் குடிக்க எடுத்ததுபோக மிஞ்சுவது உள்ளிக்கு. கிழமைக்கு இரண்டு தடவை, காலையில், தாளில் படாமல் காலில். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்றைக்கு இல்லை. தாளில் வெள்ளிக் கீறல்போலத் தெரிந்தால் பேன் பிடித்துவிட்டது. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீர் தெளிப்பேன். கடைசி மூன்று கிழமை தண்ணீரே விடுவதில்லை.

தாளைப் பற்றி ஒரு சண்டை. உள்ளித்தாளை அரிந்து தேங்காய்ப்பூவோடு வறை செய்தால் அதற்கு மேலே ஒரு சாப்பாடு இல்லை என்பது என் கட்சி. முட்டைப் பொரியலுக்குள் போட்டாலும் குற்றமில்லை. ஆனால் பல் வேண்டும் என்கிறவர் தாளில் கைவைக்கக் கூடாது. பல்லுக்குச் சோறு அனுப்புவது தாள்தான். நீங்கள் ஒன்றை நறுக்க நறுக்கக் கீழே ஒன்று மெலியும். அதனால் இரண்டு பெட்டியைத் தாளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். அதற்குப் பிறிட்ஜும் வேண்டாம், பருவமும் வேண்டாம். கறிக்குப் பொறுக்கிய மெல்லிய பல், முளைவிட்டுப் போன பல், எல்லாவற்றையும் ஓரங்குல இடைவெளியில் நெருக்கிக் குத்திவிட்டால் மூன்று கிழமையில் அரியலாம். புதிதாகத் தொடங்குகிறவர் யாரும் கேட்டால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். தாள் ஒருபோதும் ஏமாற்றியதில்லை.

போன தையில் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. 1992இல் பிறந்தவள்தான். சரக்குக் கறிக்கு என் உள்ளியைப் போடவேண்டும் என்று நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் ஒரு பெட்டியில் மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தேன். நட்டு ஐம்பது நாள்கூட ஆகவில்லை. தண்டின் அடி சற்றே தடித்திருந்தது, அவ்வளவுதான். மண்ணைத் திரும்ப மூடினேன். கடைக்குப் போய் கால் கிலோ சீன உள்ளி வாங்கிவந்து, எண்ணாமல், கை கொண்டமட்டும் உரித்துப் போட்டேன். மகள் "ஏனம்மா இவ்வளவு?" என்று கேட்டாள். சாப்பிடு என்றேன்.

பங்குனி நடுவில் கீழ்த்தாள் மூன்று காய்ந்ததும் பிடுங்கினேன். நட்டது நாற்பது. ஆறு அழுகிப் போயிருந்தது, அதில் நாலு அந்த அரைகுறையாகக் கழுவிய பெட்டியில். இருபத்தொன்று ஒற்றைப்பல், ஆனால் முந்தின வருடத்துக் கோலிக்குண்டு இல்லை, சின்னத் தேசிக்காயளவு. பதின்மூன்றில் பல் பிரிந்திருந்தது. நாலு பல்லு, ஐந்து பல்லு, ஒன்றில் ஏழு. அந்த ஏழு பல்லு உள்ளியை அன்று முழுவதும் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேன். காய்ந்த பிறகு எல்லாம் சேர்த்து நிறுத்தால் முந்நூறு கிராமுக்குச் சற்று மேலே. செம்மண் விலையையும் கரண்ட் பில்லையும் போட்டுக் கணக்குப் பார்க்கவேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றை அம்மியில் வைத்துத் தட்டினேன். கடை உள்ளிக்கு இந்தக் காரம் இல்லை. மணம் முழு உள்ளியில் இருப்பதில்லை. நசியும்போதுதான் உள்ளே தனித்தனியாகக் கிடந்த இரண்டு பொருள் சேர்ந்து அந்தக் காரம் பிறக்கிறது. அதற்கு அலிசின் என்று பெயர் வைத்து 1944இல்தான் அதைப் பிரித்தெடுத்தார்கள். தட்டியபிறகு பத்து நிமிடம் விட்டுச் சட்டியில் போடுங்கள்.

பல் பிரிந்த பதின்மூன்றையும் மகள் கொண்டுபோனாள். ஒற்றைப்பல் இருபத்தொன்றையும் தாளோடு பிடியாகக் கட்டிக் குசினி வளையில் தூக்கினேன், வெங்காயத்துக்குச் செய்கிறமாதிரி. ஒற்றைப்பல்லைத் தோல்வி என்று சமைத்துவிடுகிறவர்கள் உண்டு. அதுதான் மிகச் சிறந்த விதை. இன்னொரு குளிரைக் காட்டி நட்டால் அடுத்த முறை பெரிதாகப் பிரியும். கோடை முழுவதும் ஒன்றும் சூம்பவில்லை. இந்தப் புரட்டாசி கடைசியில் இறக்கி, பேப்பரில் சுற்றி, மரக்கறித் தட்டில் வைத்தேன்.

போன கிழமை மகளும் மருமகனும் பிள்ளையோடு வந்து நின்றார்கள். மருமகனுக்குச் சமையலில் கை உண்டு. பிள்ளைக்குத் தடிமன் என்று நானும் மகளும் அறைக்குள் நின்ற நேரம் அவர் இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் வைத்திருந்தார். நல்ல ரசம். இரண்டாவது முறை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கேட்டேன், உள்ளி எங்கே கிடந்தது என்று.

"பிறிட்ஜுக்குள்ள மாமி, பேப்பரில சுத்திக் கிடந்தது. உரிக்கிறதுக்கு லேசாய் இருந்தது, ஒரே பல்லு."

"எத்தனை எடுத்தனீங்கள், தம்பி?"

"ஆறு."

பதினைந்து மிச்சம். கார்த்திகையில் ஒன்றை வெட்டிப் பார்க்கவேண்டும். பதினான்கு. இரண்டு பெட்டி போதும்.